மன்றத்துக்கு வந்த பேஸ் பெட்டி

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஓரெப்ரோ நகரத்து ஆற்றங்கரை காது கேளாதோர் மன்றத்தின் நடனக் கூடத்தில், சோல்வேய் செருப்பைக் கழற்றினாள். காலுறையையும் உருவிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டாள். வெறுங்காலோடு மரத்தரையின் நடுவில் போய் நின்றாள்.

மாலை நான்கு மணிக்கு மன்றத்தின் ஐம்பதாவது ஆண்டு விழா. நூற்றிருபது பேர் வருகிறார்கள். எல்லோரும் ஆட வருகிறார்கள்.

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்கு இரண்டு வரி. சோல்வேய்க்கு வயது அறுபத்து நான்கு. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பல் செட் செய்யும் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் பெற்ற இரண்டு பேருக்கும் நன்றாகக் காது கேட்கும். மூத்தவன் யெர்க்கர், கார்களுக்கும் கூடங்களுக்கும் ஒலிபெருக்கி விற்கும் கடை வைத்திருக்கிறான். இளையவள் ஹெட்விக், தச்சு வேலை செய்பவள். அண்ணன் கடைக்கு ஏழு வருஷம் பெட்டி செய்து கொடுத்தாள். ஜனவரியில் திடீரென்று விலகினாள். ஏன் என்று கேட்டால் "முதுகு வலி" என்பாள்.

விழாவுக்கு ஒரு சப்வூஃபர், அதாவது பேஸ் என்னும் கீழ்ச்சுருதியை அதிரவைக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி, வேண்டும் என்ற பேச்சு வந்தபோது சோல்வேய்தான் கமிட்டியில் எழுந்து நின்றாள். "என் பையன்கிட்டயே வாங்கலாம். நான் பொறுப்பு" என்றாள். பெட்டி புதன்கிழமை வந்து இறங்கியது. பளபளவென்று கறுப்பு. முன்பக்கம் நீல விளக்கு வேறு.

"ஆரம்பிக்கவா?" என்று கேட்டாள் ஹெட்விக், மடிக்கணினிக்குப் பின்னாலிருந்து.

கையால்தான் கேட்டாள். இந்தக் குடும்பத்தில் பேச்சு என்றால் கைப்பேச்சு. வாயால் பேசியதை மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

சோல்வேய் தலையசைத்தாள்.

மடிக்கணினியிலிருந்து ஒரே ஒரு ஒலி கிளம்பியது. விநாடிக்கு எண்பது அதிர்வில் தொடங்கி, மெல்ல மெல்ல இருபதுக்கு இறங்கும் ஒலி. காது கேட்கிறவர்களுக்கே முப்பதுக்குக் கீழே போனால் காதைவிட வயிறுதான் அதை அறியும். இந்த மன்றத்துக்காரர்களுக்குப் பாட்டு முழுக்கவே அப்படித்தான் வருகிறது: பாதம் வழியாக, முழங்கால் வழியாக, கையில் பிடித்த பலூன் வழியாக.

சோல்வேய் உள்ளங்கையைத் தரைக்கு நேராக நீட்டிப் பிடித்திருந்தாள். அதிர்வு கூடினால் கை மேலே போகும். குறைந்தால் இறங்கும். அது அவளுடைய அளவுகோல்.

எழுபதில் கை இடுப்பில் இருந்தது. அறுபதிலும் அங்கேயே. நாற்பத்தைந்து வந்தபோது கை விருட்டென்று தலைக்கு மேல் போயிற்று. மேஜையிலிருந்து ஒரு கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. முப்பத்தெட்டில் கை தொடைக்குச் சரிந்தது. முப்பத்தைந்தில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டாள்.

"என்ன?" என்றாள் ஹெட்விக்.

"ஒரே ஒரு இடத்துல உதைக்குது. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. படிக்கட்டு பாதியில நின்ன மாதிரி இருக்கு. இறங்கலாம்னு காலை வச்சா படியே இல்ல."

பெட்டி பக்கத்தில் ஸ்தூரே நின்றிருந்தார். மன்றத்தின் நடனப் பொறுப்பாளர், எழுபத்தோரு வயது, அவருக்கும் காது கேட்காது. ஒரு கையில் ஏலக்காய் பன். மறு கையால் பேசினார்: "எங்க வீட்டு வாஷிங் மெஷின் இதைவிட நல்லா ஆடும். அதையே தூக்கிட்டு வரவா?"

"மறுபடி ஒரு தடவை போடு" என்றாள் சோல்வேய். அவளுக்கு மகனை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க மனமில்லை.

மறுபடி போட்டாள் ஹெட்விக். இந்த முறை ஒலியை நாற்பத்தைந்திலேயே நிறுத்தி வைத்தாள். பெட்டியின் முன்னால் ஒரு காற்றுக் குழாயின் வாய் உண்டு. உள்ளே ஒலியை எழுப்பும் காகிதக் கூம்பு ஆடும்போது அந்த வாய் மூச்சு விடும். ஸ்தூரே குனிந்து அதன் முன்னால் கையை வைத்துப் பார்த்தார்.

"காத்து நல்லா வருது" என்றவர் சட்டென்று முகத்தைச் சுளித்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். அப்படியே பின்னால் தள்ளாடி விழப் பார்த்தார்.

"ஐயய்யே! என்ன நாத்தம் இது?"

ஹெட்விக் எழுந்து வந்தாள். அவளுக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. மூன்றடி தள்ளியே முகத்தில் அறைந்தது. நனைந்த நாயின் வாடை. பழைய மூத்திரம். அதற்கும் அடியில், ஏதோ செத்து நாளான தித்திப்பான ஒரு நெடி. பெட்டி ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் அதைக் கூடத்துக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

ஸ்தூரே பன்னை ஒரு காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தார். அதற்குப் பிறகு அதை அவர் தொடவே இல்லை.

*

பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிப் போனார்கள். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கத் தூவிய சரளை இன்னும் அள்ளப்படாமல் கிடந்தது. அதன்மேல் பெட்டியைக் குப்புறப் போட்டு, ஹெட்விக் பின்பலகையின் திருகுகளைக் கழற்றினாள். பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தன.

பலகை திறந்ததும் ஸ்தூரே வேலிப்பக்கம் போய்விட்டார்.

இந்த மாதிரிப் பெட்டியின் உட்சுவரில் மெல்லியதாகப் புதுப் பஞ்சு ஒட்டுவார்கள். இதில் ஒரு மெத்தையைக் கிழித்து அடைத்திருந்தார்கள். நீலக் கோடு போட்ட மெத்தை. அதில் காப்பி நிறத்தில் வட்ட வட்டமாகக் கறை. ஒரு கறை காய்வதற்குள் அடுத்தது பரவியதுபோல ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். துணியின் ஓரத்தில் மை முத்திரை: "அறை 14, படுக்கை 2."

யாரோ ஒரு கிழவரோ கிழவியோ, மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த மெத்தை.

ஹெட்விக் கையுறை மாட்டிக்கொண்டு அதை இழுத்தாள். பொத்தென்று ஒரு கட்டி சரளையில் விழுந்தது. பஞ்சைக் குதறிக் கட்டிய எலிக்கூடு. உள்ளே எலியும் இருந்தது. சப்பையாக, காய்ந்து, பல்லைக் காட்டிக்கொண்டு.

ஹெட்விக் பின்னால் நகர்ந்தாள். முழங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். அம்மா அசையாமல் நின்றிருந்தாள். இன்னும் வெறுங்காலில்தான் இருந்தாள். சரளை குத்தியதாகவே தெரியவில்லை.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் சோல்வேய்.

இருந்தது. சப்வூஃபரின் கூம்புக்குப் பின்னால் காந்தம் இருக்கும். நல்ல காந்தம் சோற்றுத் தட்டு அகலத்துக்கு, தூக்கினால் தோள் இறங்கும். யெர்க்கரின் விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. தடித்த ரப்பர் மூடி வேறு அதன்மேல் போட்டிருந்தான். ஹெட்விக் அந்த மூடியைக் கத்தியால் கீறி உரித்தாள்.

உள்ளே, காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டு அளவுக்கு ஒரு சின்னக் காந்தம். அதைச் சுற்றி வளையமாக வார்த்த சிமெண்ட். எடை வேண்டுமே, அதற்காக.

சோல்வேய் குனிந்து சிமெண்டை விரலால் தடவினாள். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பல் அச்சில் கண்டுபிடித்த விரல். தடவிய விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு பாவாடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"ஹெட்விக், இங்க பாரு. நேரா என்னைப் பாரு. உனக்குத் தெரியுமா?"

ஹெட்விக் கையுறைகளைக் கழற்றினாள்.

"மெத்தை தெரியாது. சத்தியமா தெரியாது."

"சிமெண்ட்?"

"ஜனவரியில பாத்தேன். பின்பக்க ஷெட்ல வரிசையா வார்த்து வச்சிருந்தான், கேக் மாதிரி. என்னடா இதுன்னு கேட்டேன். 'ஊர்ல எல்லாரும் பண்றதுதான்'னு சிரிச்சான். அன்னிக்கே வேலையை விட்டேன்."

"முதுகு வலி."

"ஆமா."

"உன் முதுகு வலிக்கல. வாய் வலிச்சிருக்கு. கையும் வலிச்சிருக்கு" என்றாள் சோல்வேய். "நான் கமிட்டியில நின்னு என் பையன்னு சொன்னப்ப நீ அங்கதான உக்காந்திருந்த? பலூன் ஊதிக்கிட்டு?"

"அம்மாவுக்கே இதைக் குடுப்பான்னு நான் நெனைக்கலம்மா."

"வேற யாருக்குக் குடுத்தா பரவாயில்லைன்னு நெனச்ச?"



சோல்வேய் முற்றத்துக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. நிறைய நேரம் கழுவினாள். திரும்பி வந்து, ஈரக் கையோடு கேட்டாள்:

"நாலு மணிக்கு நூத்திருபது பேர் வர்றாங்க. உன் பட்டறையில என்ன இருக்கு?"

*

பட்டறையில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஹெட்விக் தன் வேனில் இரண்டு தடவை போய் வந்து மூன்றையும் கூடத்தில் இறக்கினாள். பதினொன்றரை ஆகிவிட்டது. அதற்குள் கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, ஸ்தூரே தரையை இரண்டு முறை சோப்பு போட்டுத் துடைத்திருந்தார். சமையலறைப் பக்கம் இறாலும் சதகுப்பைக் கீரையும் அடுக்கிய ரொட்டி கேக்குகள் வந்து இறங்கின. விழாவுக்கு மேஜை போட வந்தவர்களையும் சேர்த்து அங்கே பதினொரு பேர் இருந்தார்கள்.

"முதல்ல இது" என்றாள் ஹெட்விக். "முழுக்க மூடின பெட்டி. காத்துக் குழாயே கிடையாது. பன்னெண்டு அங்குலக் கூம்பு."

சோல்வேய் பழையபடி நடுவில் போய் நின்றாள். ஒலி இறங்கியது. கை இடுப்புயரத்தில் தொடங்கி, ஆடாமல் அசையாமல், சரிவில் நடப்பதுபோல இறங்கிக்கொண்டே வந்தது. முப்பதில் முழங்காலுக்குப் போய்விட்டது.

"சுத்தமா இருக்கு. எந்த இடத்துலயும் ஏமாத்தல. ஆனா கீழ போகப் போக சக்தி இல்ல. வீட்டு அறைக்குப் போதும். இவ்வளவு பெரிய தரைக்குக் காணாது."

இரண்டாவது, குழாய் வைத்த பெட்டி. பதினைந்து அங்குலம். ஆனால் பெட்டி நடுத்தர அளவு. முப்பத்து நான்கு வரை கை நன்றாக நின்றது. அதற்குக் கீழே சட்டென்று விழுந்தது.

"யெர்க்கரோடதைவிட மூணு படி கூட இருக்கு" என்றாள் சோல்வேய். "ஆனா இதுவும் பாதிதான்."

மூன்றாவதைப் பார்த்து ஸ்தூரே தலையில் கை வைத்துக்கொண்டார். குளிர்சாதனப் பெட்டியைப் படுக்க வைத்ததுபோல அவ்வளவு பெரியது. அதே பதினைந்து அங்குலக் கூம்புதான். பெட்டி மட்டும் இரண்டரை மடங்கு.

"இதை எங்க வைக்கிறது? கேக் மேஜை எங்க போகும்? கொஞ்சம் சின்னதா, இதே மாதிரி அடிக்கிறது கெடைக்காதா?"

"கெடைக்காது ஸ்தூரே. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், பெரிய சத்தம். இந்த மூணுல ரெண்டைத்தான் எடுத்துக்கலாம். மூணையும் தர்றேன்னு ஒருத்தன் சொன்னா அவன் பொய் சொல்றான்." ஹெட்விக் முற்றத்துப் பக்கம் கை காட்டினாள். "யெர்க்கர் அப்படித்தான் சொன்னான். சின்னப் பெட்டியில, ஒரே இடத்துல உதைக்கிற மாதிரி குழாயை வெட்டி வச்சிருக்கான். கடையில ரெண்டு நிமிஷம் போட்டுக் காமிச்சா அடேயப்பான்னு இருக்கும். அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது."

பெட்டியை மேடை நடுவில் வைக்காமல், இரண்டு சுவர் சேரும் மூலைக்குத் தள்ளினாள். மூலை என்றால் சுவர்களும் சேர்ந்து உதவும். கூம்பு அளவுக்கு மீறி ஆடிக் கிழியாமலிருக்க, இருபத்து நான்குக்குக் கீழே உள்ளதை ஆம்ப்ளிஃபயரிலேயே வெட்டிவிட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஒலி எண்பதில் தொடங்கியது. எழுபது. ஐம்பது. கை மார்பு உயரத்தில் நின்றது. நாற்பது. மார்பிலேயே. முப்பது. சோல்வேயின் கண்கள் மெல்ல விரிந்தன. இருபத்தெட்டில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மேஜை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்ததை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். இருபத்தைந்து வரை கை இறங்கவே இல்லை.

நின்றதும் சோல்வேய் சொன்னாள்: "கேக் மேஜையை நடைக்குக் கொண்டுபோ."

அவ்வளவுதான் சொன்னாள். மகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மகளும் அதை எதிர்பார்க்கவில்லை.

*

இரண்டு மணிக்கு யெர்க்கர் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய்ப் பசை, கையில் ஒரு பூங்கொத்து. அம்மாவுக்கு.

வாசலிலேயே அவனுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். முற்றத்துச் சரளையில் அவனுடைய பெட்டி வயிறு கிழிந்து கிடந்ததைத் தாண்டித்தானே உள்ளே வந்தான்? ஆனாலும் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஹெட்விக்குக் காலையில் பார்த்த எலியின் பல் ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு முதுகைக் காட்டித் தங்கையின் எதிரில் நின்றான். முகம் தெரியாமல் இருந்தால் உதட்டசைவு தெரியாது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது பழக்கம். தங்கையைச் செல்லப்பெயரால் கூப்பிட்டு, வாயால்தான் பேசினான்.

"ஹெட்டா, என்ன சீன் போட்டு வச்சிருக்க? எல்லார் முன்னாடியும்?"

அவளும் வாயால் சொன்னாள்: "மெத்தை யாரோடது?"

"எவனுக்குத் தெரியும்? நண்பன் ஒருத்தன் முதியோர் இல்லங்களைக் காலி பண்ணிக் குடுக்கிறான். ஷெட்ல கிடந்தது. பஞ்சுதானே?"

"அதுல ஒருத்தர் மூத்திரம் இருக்கு, யெர்க்கர். செத்த எலி இருக்கு. அதை அம்மா ஆடப்போற இடத்துல கொண்டுவந்து வச்சிருக்க."

"உள்ளதான இருந்துச்சு? நீ ஏன் திறந்த?"

"நாறுச்சு. அதனால திறந்தேன்."

யெர்க்கர் குரலைத் தாழ்த்தினான். அந்தக் கூடத்தில் அவன் குரல் கேட்கக்கூடியவள் ஒருத்திதான். ஆனாலும் தாழ்த்தினான்.

"இங்க பாரு. கடை தாங்க முடியாம இருக்கு. நல்லதையெல்லாம் காது இருக்கிறவனுக்குக் குடுக்க வேண்டியிருக்கு, அவன் வந்து சண்டை போடுவான். இவங்களுக்கு என்ன? கேக்கவா போகுது? தரை கொஞ்சம் குலுங்கினா போதும். செவிட்டுக் கூட்டத்துக்கு எந்தப் பெட்டியா இருந்தா என்ன?"

சோல்வேய் பின்னாலிருந்து வந்து இருவருக்கும் பக்கவாட்டில் நின்றாள்.

"என்ன சொன்னான்?"

இந்தக் கேள்வியை ஹெட்விக் ஆறு வயதிலிருந்து பார்த்துவந்திருக்கிறாள். வங்கியில், மருத்துவமனையில், பேருந்தில். யாராவது அம்மாவைப் பற்றி அசிங்கமாக ஏதாவது சொல்வார்கள். அம்மா கேட்பாள். இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, சும்மா" என்பார்கள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான். அசிங்கத்தை எல்லாம் அம்மாவிடம் கொண்டுபோகக் கூடாது, நாம் விழுங்கிக்கொள்ள வேண்டும் என்று பத்து வயதில் அவன்தான் சொன்னான். அப்போது அவன் நல்லவனாகத்தான் இருந்தான்.

"சொல்லாத" என்றான் யெர்க்கர், வாயால். பூங்கொத்தின் காகிதம் அவன் பிடியில் கசங்கியது. "ஹெட்டா, ப்ளீஸ். சொல்லாத."

"முழுசா சொல்லு" என்றாள் சோல்வேய்.

ஹெட்விக் கைகளை உயர்த்தினாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள். காது இருக்கிறவனுக்கு நல்லது. இவங்களுக்கு என்ன. கேக்கவா போகுது. கடைசி வரியையும் சொன்னாள். அந்த வசைச் சொல்லுக்குச் சைகை மொழியில் ஒரு பழைய அடையாளம் உண்டு. காதில் கட்டைவிரலால் குத்தித் தூக்கி எறிவது. அதை அந்த மன்றத்தின் கூரைக்கடியில் யாரும் செய்ததில்லை.

கைப்பேச்சில் ஒரு விஷயம். அதைத் தாழ்ந்த குரலில் பேச முடியாது. பார்வைக்கு எட்டிய எல்லோருக்கும் எட்டிவிடும். கூடத்தின் அந்தக் கோடியில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்களும் படித்தார்கள். ஸ்தூரே படித்தார். கையிலிருந்த மேஜை விரிப்பை அவர் மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

யெர்க்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. பூங்கொத்தை ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு அவசரமாகக் கையால் பேச ஆரம்பித்தான். "அம்மா, கடை நிலைமை உங்களுக்குத் தெரியாது, போன வருஷத்துலேர்ந்து..."

"அது வேண்டாம்" என்றாள் சோல்வேய். "நீ சொன்னதைச் சொல்லு. உன் கையால."

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"எந்த அர்த்தமா இருந்தா என்ன? வாயால சொன்னதைக் கையால சொல்லு. அந்தக் கைக்கு முதல்ல 'பால்'னு சொல்லக் கத்துக்குடுத்தவ நான். எட்டு மாசத்துல சொன்ன. இப்ப இதைச் சொல்லு, பாக்கிறேன்."

அவன் கையைத் தூக்கினான். பாதி வழியில் நின்றது. கட்டைவிரல் காதுவரை போகவில்லை. முடியவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு, மார்பில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தான். மன்னிச்சுடுங்க. மறுபடி தேய்த்தான்.

சோல்வேய் கண்களை மூடிக்கொண்டாள்.

காது கேளாதவர் ஒருவர் எதிரில் இருப்பவரிடம் செய்யக்கூடிய மிகக் கடுமையான காரியம் அதுதான். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு பேசினாலும் வெறும் காற்றில் கையாட்டுகிறீர்கள். யெர்க்கர் ஆட்டினான். மன்னிச்சுடுங்க, அம்மா, மன்னிச்சுடுங்க என்று ஆட்டிக்கொண்டே இருந்தான். பத்துப் பேர் அதைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை.

கடைசியில் அவன் அவள் தோளைத் தொட்டான். சோல்வேய்க்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கம்பளிப்பூச்சியைத் தட்டிவிடுவதுபோல அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"முற்றத்துல கெடக்கிறதை எடுத்துட்டுப் போ. எலியையும் சேர்த்து. கையுறை போடக் கூடாது."

அவன் போனான். மெத்தைத் துண்டுகளை அவன் வெறுங்கையால் அள்ளி அள்ளிக் காரில் போடுவதை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டையின் முன்புறம் காப்பி நிறமாகிவிட்டது. ஒரு முறை வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தான். யாரும் தண்ணீர் கொண்டுபோகவில்லை. ஹெட்விக்கின் கால் ஒரு அடி நகர்ந்தது. பிறகு அவளும் நின்றுவிட்டாள்.

பூங்கொத்தை ஸ்தூரே நுனிவிரலால் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

*

நான்கு மணிக்கு விழா தொடங்கியது. நூற்றிருபது பேர் என்று எண்ணியிருந்தார்கள். நூற்றைம்பதுக்கு மேல் வந்துவிட்டார்கள். செருப்புகள் நடையில் மலைபோல் குவிந்தன. கேக் மேஜையும் அங்கேயே இருந்ததால், வந்தவர்கள் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் தட்டுமாக நின்று, பேசக் கை இல்லாமல் தவித்தார்கள்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் அந்தத் தவிப்பு நின்றது.

தரை பேசியது. உதைக்கவில்லை, குலுக்கவில்லை. கீழ்ச்சுருதி ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஏறுவது ஏறுவதாக, இறங்குவது இறங்குவதாக, கணுக்கால் வழியே மேலே வந்தது. இத்தனை வருஷமாகத் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடியவர்கள் இன்று மெட்டின் அடிப்பகுதியைக் காலால் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். ஒரு கிழவர் பலூனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டார். "இந்தப் பாட்டு இப்படி இறங்குமா? நாப்பது வருஷமா எனக்குத் தெரியாதே" என்று எதிரில் வந்தவரை எல்லாம் நிறுத்திக் கேட்டார்.

சோல்வேய் ஸ்தூரேயோடு இரண்டு பாட்டு ஆடினாள். ஒரு அடி கூடத் தப்பவில்லை. ஆனால் முகம் இறுகியே இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கழிவறைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். ஹெட்விக் எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு முறை.

ஐந்தாவது முறை கழுவிவிட்டு வந்தவள், கமிட்டித் தலைவரிடம் போய் நின்றாள். "நான் பொறுப்புன்னு சொன்னேன். திங்கக்கிழமை என் ராஜினாமா வரும்" என்றாள். தலைவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் அதற்கும் கண்ணை மூடிவிட்டாள்.

பிறகுதான் மகள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ இன்னிக்கு முழுசா சொன்ன" என்றாள்.

"ஆமா."

"ஜனவரியில சொல்லியிருந்தா இன்னிக்கு இவ்வளவு அசிங்கம் இல்ல."

"ஆமாம்மா."

"எனக்கு ரெண்டு பேர் மேலயும் அருவருப்பா இருக்கு. உன் மேல கொஞ்சம் கம்மி." சோல்வேய் பெருமூச்சு விட்டாள். "இனிமே எதையும் விழுங்காத. எவ்வளவு நாறினாலும் என்கிட்ட கொண்டு வா. சரியா?"

"சரி."

ஹெட்விக் அம்மாவின் கையைப் பிடித்தாள். சோல்வேய் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சோப்பு போட்டுப் போட்டு அந்தக் கை சிவந்து, தோல் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

அப்போது சோல்வேயின் பையில் போன் துடித்தது. வடக்கே கேவ்லே நகரத்திலிருந்து செய்தி. அங்குள்ள காது கேளாதோர் சங்கத்தின் செயலாளர் எழுதியிருந்தார்.

"ஐம்பதாவது ஆண்டுக்கு வாழ்த்துகள், சோல்வேய். உங்கள் மகன் அனுப்பிய பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. உங்கள் சிபாரிசுக் கடிதத்தை நம்பித்தான் வாங்கினோம். மிக்க நன்றி."

சோல்வேய் போனை மடியில் வைத்து அதை இரண்டு முறை படித்தாள்.

"நான் யாருக்கும் கடிதம் எழுதல" என்றாள்.

விரைவாகத் தட்டினாள்: "பெட்டியைத் தொடாதீங்க. கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்க."

ஒரு நிமிஷத்தில் படம் வந்தது. மன்றத்தின் முகவரியோடு அச்சடித்த தாள். "என் மகனின் நேர்மைக்கு நான் உறுதி அளிக்கிறேன்" என்று ஒரு வரி. அதன் அடியில் சோல்வேயின் பெயர். கையெழுத்து கோணலாக இருந்தது. அவளுடையது இல்லை என்று பார்த்தவுடன் தெரியும் போலி.

"ச்சீ" என்பதற்கு அந்த மொழியில் உதடும் விரலும் சேர்ந்த ஒரு சைகை உண்டு. சோல்வேய் அதைச் செய்தாள். பிறகு திரையை விரலால் மேலே தள்ளினாள். தாளின் அடியில் இன்னொரு வரி இருந்தது.

"சாட்சி: ஹெட்விக்."

அந்தக் கையெழுத்து போலி இல்லை. பிறந்தநாள் வாழ்த்துகளில், பட்டறைச் சீட்டுகளில், வாழ்க்கை முழுக்கச் சோல்வேய் பார்த்துப் பழகிய அதே வளைவு, அதே சுழி.

தரை இன்னும் பாடிக்கொண்டிருந்தது. சோல்வேய் போனை மகள் பக்கம் திருப்பினாள். மற்றக் கையை, சிவந்து வெடித்த அந்தக் கையை, மகளின் பிடியிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டாள்.